6/8 போட்டதும் எல்லாம் தடுமாறுகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

இசை மென்பொருள்கள் பெரும்பாலும் 4/4 என்ற தாளக் குறியீட்டில்தான் (டைம் சிக்னேச்சர்) திறக்கின்றன. அதிலேயே வேலை செய்கிறவரை டெம்போ (வேகம்), க்ளிக் (தாளம் காட்டும் தட்டு ஒலி), கிரிட் (நோட்டுகள் ஒட்டும் நேரக் கோடுகள்) எல்லாம் ஒரே அளவுகோலில் ஓடுவதால் எதையும் யோசிக்க வேண்டியதில்லை. 6/8, 9/8, 12/8 என்று பீட் மூன்று மூன்றாகப் பிரியும் தாளத்துக்குப் போனதும் அந்த அளவுகோல் மூன்றாக உடைகிறது. கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி அங்கேதான் கிளம்புகின்றன.

ஒன்று, பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை பீட்) பெட்டியில் இருக்கும் எண். டைம் சிக்னேச்சர் எதுவானாலும் பெரும்பாலான மென்பொருள்களில் அது நிமிடத்துக்கு எத்தனை குவாட்டர் நோட் (4/4-ன் ஒரு சுற்றில், அதாவது ஒரு பாரில், நாலில் ஒரு பங்கு) என்பதையே சொல்கிறது. இரண்டு, நாம் காலால் தட்டும் துடிப்பு. 6/8-ல் அது டாட்டட் குவாட்டர், அதாவது மூன்று எய்த் நோட் (எய்த் என்பது குவாட்டரில் பாதி) சேர்ந்த நீளம். மூன்று, க்ளிக்கை அடிக்கும் மெட்ரோனோம். அது பல மென்பொருள்களில் டைம் சிக்னேச்சரின் கீழ் எண்ணைப் (8 என்றால் எய்த்) பார்த்து எய்த் நோட்டுக்கு ஒரு தட்டு தட்டும். இந்த மூன்றையும் நாம் ‘பீட்’ என்ற ஒரே பெயரால் அழைத்துவிட்டு, அப்புறம் எண் ஒத்துவரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறோம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு வகுத்தல் போடுங்கள். நீங்கள் எதிர்பார்த்த எண்ணையும் கிடைத்த எண்ணையும் எடுத்து, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். 1.5 வந்தால் டாட்டட் குவாட்டரும் குவாட்டரும் இடம் மாறியிருக்கின்றன. 2 வந்தால் குவாட்டரும் எய்த்தும். 3 வந்தால் டாட்டட் குவாட்டரும் எய்த்தும். 1.33 வந்தால் ஏதோ ஒரு லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் ஒலித் துண்டை) மென்பொருள் 4/4 என்று எண்ணிவிட்டது. இவற்றில் எதுவும் இல்லாமல் 1.07 மாதிரி வந்தால் கோளாறு தாளத்தில் இல்லை. சாம்பிள் ரேட் (ஆடியோவில் விநாடிக்கு எத்தனை மாதிரி) பக்கமோ வேறு எங்கோ தேடுங்கள்.

“நோட்டேஷனில் உள்ள டெம்போவைத்தான் போட்டேன், ஆனால் பாட்டு இழுக்கிறது”

தாளில் டாட்டட் குவாட்டர் = 80 என்று இருக்கிறது. நீங்களும் பிபிஎம் பெட்டியில் 80 போட்டீர்கள். மென்பொருள் அதைக் குவாட்டர் = 80 என்று எடுத்துக்கொண்டது. நிமிடத்துக்கு 80 டாட்டட் குவாட்டர் வேண்டுமென்றால் 120 குவாட்டர் ஓட வேண்டும். ஆகவே 80-ஐ 1.5-ஆல் பெருக்கி 120 போடுங்கள். தாளில் எய்த் = 240 என்று இருந்தாலும் அதே 120தான்; அங்கே 2-ஆல் வகுக்க வேண்டும்.

ப்ரோ டூல்ஸில் டெம்போ எந்த நோட்டின் கணக்கில் என்று தேர்ந்தெடுக்கலாம். டாட்டட் குவாட்டரைத் தேர்ந்தெடுத்தால் 80 என்றே போடலாம். மியூஸ்ஸ்கோர், சிபேலியஸ், டோரிகோ போன்ற நோட்டேஷன் மென்பொருள்களும் டாட்டட் குவாட்டர் = 80 என்று எழுதினால் சரியாகப் புரிந்துகொள்ளும். ஏபிள்டன் லைவ், எஃப்எல் ஸ்டுடியோ போன்றவற்றில் குவாட்டர் கணக்குதான். அங்கே பெருக்கித்தான் ஆக வேண்டும்.

டேப் டெம்போவிலும் (பட்டனைத் தட்டி வேகம் காணும் வசதி) இதே கதை. பாட்டைக் கேட்டபடி பட்டனைத் தட்டினால் கை இயல்பாகத் துடிப்பில்தான் விழும். மென்பொருள் 80 என்று காட்டும், கிரிட் ஒட்டாது. எய்த் நோட்டுகளைத் தட்டிப் பாதியாக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வேகமாகத் தட்டினால் கை தளரும், எண் ஆடும். துடிப்பில் தட்டிவிட்டு 1.5-ஆல் பெருக்குவதே மேல்.

“க்ளிக் காதைக் குடைகிறது” அல்லது “க்ளிக் என்னை வேறு தாளத்துக்கு இழுக்கிறது”

இவை இரண்டு வெவ்வேறு பிழைகள். ஒரு பாருக்கு எத்தனை தட்டு என்று எண்ணினால் எது என்று தெரிந்துவிடும்.

ஆறு தட்டு கேட்டால் மெட்ரோனோம் கீழ் எண்ணைப் பின்பற்றுகிறது. தவறில்லை, ஆனால் வேகமான பாட்டில் தாங்காது. இரண்டு பார் கவுன்ட்-இன் (பாட்டு தொடங்கும் முன் எண்ணும் தட்டுகள்) வைத்திருந்தால் பன்னிரண்டு தட்டு வரும்; பாடகர் எந்தத் தட்டில் மூச்செடுப்பது என்று தெரியாமல் முழிப்பார். அதோடு முதல் தட்டுக்கு மட்டும் அழுத்தம் இருந்து நான்காவதற்கு இல்லாவிட்டால் தகிட தகிட என்று இரண்டாகப் பிரிய வேண்டியது ஒரே நீளக் கோடாக ஓடும்.

மூன்று தட்டு கேட்டால் நிலைமை இன்னும் மோசம். மெட்ரோனோம் குவாட்டரில் அடிக்கிறது. 6/8 பாரின் நீளமும் மூன்று குவாட்டர்தான் என்பதால் க்ளிக் ஒவ்வொரு பாரின் தொடக்கத்திலும் சரியாக வந்து சேரும். நடுவில் மட்டும் தக தக தக என்று 3/4 ஓட்டும். அதைக் கேட்டு வாசித்த பதிவில் நான்காவது எய்த் எப்போதும் கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்தைப் பின்னால் குவான்டைஸால் (நோட்டுகளைக் கிரிட்டில் இழுத்து ஒட்டும் வசதி) சரிசெய்ய முயலாதீர்கள், க்ளிக்கைச் சரிசெய்து மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள்.

நமக்கு வேண்டியது பாருக்கு இரண்டு தட்டு, அல்லது ஆறு தட்டில் ஒன்றும் நான்கும் அழுத்தமாக. ப்ரோ டூல்ஸில் மீட்டரை (டைம் சிக்னேச்சரை) மாற்றும் பெட்டியிலேயே க்ளிக் எந்த நோட்டில் என்று கேட்கும், அங்கே புள்ளியோடு கூடிய குவாட்டரைத் தேர்ந்தெடுங்கள். ரீப்பர், க்யூபேஸ் ஆகியவற்றில் எந்தத் தட்டு அழுத்தம், எது லேசு என்று பேட்டர்னாகவே அமைக்கலாம். உங்கள் மென்பொருளில் இதற்கு வழி இல்லையென்றால் மெனுவில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மெட்ரோனோமை அணைத்துவிட்டு ஒரு மிடி ட்ராக்கில் (ஒலிக்குப் பதில் நோட்டுக் கட்டளைகள் பதிவாகும் ட்ராக்) மரக்கட்டை மாதிரி ஒரு ஒலியை ஒன்றிலும் நான்கிலும் வைத்து லூப் செய்துவிடுங்கள். வசதி இருக்கும் மென்பொருளிலும் நான் இதைத்தான் விரும்புவேன்: ஒலி அளவு, இடம் எல்லாம் நம் கையில் இருக்கும், ஹெட்ஃபோனுக்கு மட்டும் அனுப்பவும் செய்யலாம். மிக்ஸ் ஏற்றுமதி செய்யும் முன் அந்த ட்ராக்கை மியூட் செய்ய மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

“3/4-ஐ 6/8 ஆக்கினேன், எதுவும் மாறவில்லை”

மாறாது. இரண்டுக்கும் பாரின் நீளம் ஒன்றே: பன்னிரண்டு சிக்ஸ்டீன்த் (எய்த்தில் பாதி). டைம் சிக்னேச்சர் நோட்டுகளை நகர்த்துவதில்லை. பார் கோடு, கிரிட்டின் அழுத்தக் கோடுகள், க்ளிக், இட எண் (எந்த பார், எந்த பீட் என்று காட்டுவது) ஆகியவற்றைத்தான் மாற்றும். இட எண்ணில் பீட் இப்போது மூன்றுக்குப் பதில் ஆறு வரை போனால் மாற்றம் நடந்துவிட்டது என்று பொருள்.

“குவான்டைஸ் செய்ததும் வாசிப்பு செத்துப்போகிறது”

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தவறான கிரிட் இங்கே தன்னை நன்றாக ஒளித்துக்கொள்கிறது.

குவாட்டருக்கு 960 டிக் (மென்பொருளின் மிகச் சிறிய நேர அலகு) என்று வைத்துக்கொள்வோம். பல மென்பொருள்களில் அதுதான். எய்த் நோட் 480-ல் விழும். குவாட்டரை மூன்றாகப் பிரிக்கும் எய்த் ட்ரிப்லெட் கிரிட்டின் கோடுகள் 320-லும் 640-லும் இருக்கும். “மூன்று மூன்றாகத்தானே போகிறது, ட்ரிப்லெட் போடலாம்” என்று 6/8-ல் அந்தக் கிரிட்டைத் தேர்ந்தெடுத்தால் பாரின் இரண்டாவது எய்த், 320-க்கும் 640-க்கும் சரிபாதியில் மாட்டிக்கொள்கிறது. வாசித்தவர் ஒரு டிக் முந்தினால் நோட்டு 320-க்குத் தாவும், ஒரு டிக் பிந்தினால் 640-க்குத் தாவும். ஒரே சொற்கட்டு ஒரு பாரில் ஒருவிதமாகவும் அடுத்த பாரில் வேறுவிதமாகவும் கேட்கிறதே என்று குழம்பினால் இதுதான் காரணம். 6/8-ல் எய்த் நோட் நேரான எய்த் நோட்டே. சாதாரண 1/8 அல்லது 1/16 கிரிட் போதும், ட்ரிப்லெட் வேண்டாம்.

தலைகீழ்ப் பிழையும் உண்டு. ப்ராஜெக்ட் 4/4-லேயே இருக்கிறது, வாசிப்பு மட்டும் திஸ்ர நடை (பீட்டுக்கு மூன்று). அதை 1/8 நேர் கிரிட்டில் குவான்டைஸ் செய்தால் 320-ல் இருந்த நோட்டும் 480-க்குப் போகும், 640-ல் இருந்ததும் 480-க்குப் போகும். மூன்று நோட்டு இருந்த இடத்தில் இரண்டுதான் கேட்கும். பியானோ ரோலில் (மிடி நோட்டுகளைக் காட்டும் திரை) பெரிதாக்கிப் பார்த்தால் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். 1/16 கிரிட்டில் செய்தால் 320 என்பது 240-க்கும் 640 என்பது 720-க்கும் போகும், நடை நொண்டும். இங்கே ட்ரிப்லெட் கிரிட்தான் சரி. ஆக எந்தக் கிரிட் என்பதைக் காது முடிவுசெய்வதில்லை, ப்ராஜெக்டின் டைம் சிக்னேச்சர் முடிவுசெய்கிறது.

அடுத்தது ஸ்விங். 1/8 ஸ்விங் என்றால் ஒவ்வொரு இரண்டாவது எய்த்தையும் தாமதப்படுத்து என்று பொருள். 6/8 பாரில் அது 2, 4, 6. இதில் நான்காவது எய்த்தான் இரண்டாவது தகிடவின் முதல் அடி! பாரின் இரண்டாவது துடிப்பையே ஸ்விங் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. ஸ்விங்கின் அளவைக் குறைத்துப் பார்ப்பதால் பயனில்லை. கொஞ்சமாகத் தள்ளினாலும் தவறான நோட்டைத்தான் தள்ளும். ஸ்விங்கை 1/16-க்கு மாற்றுங்கள், அது ஒவ்வொரு எய்த்துக்கு உள்ளேயே வேலை செய்யும், துடிப்பைத் தொடாது. 9/8-ல் பாருக்கு ஒற்றைப்படை எய்த் என்பதால், பாட்டின் தொடக்கத்திலிருந்து ஜோடி எண்ணும் மென்பொருளில் 1/8 ஸ்விங் ஒரு பாரில் இரட்டை அடிகளையும் அடுத்த பாரில் ஒற்றை அடிகளையும் தள்ளும். அங்கே அந்தப் பக்கமே போக வேண்டாம். நல்ல தாளக் கலைஞர் வாசித்த இரண்டு பாரிலிருந்து க்ரூவை (அவர் நோட்டுகளை முன்பின்னாக வைக்கும் பாங்கை) எடுத்து மற்ற ட்ராக்குகளுக்குப் போடுவது எவ்வளவோ தேவலை.

“லூப்பை இழுத்துப் போட்டதும் அது வேகமாக ஓடுகிறது, அல்லது தள்ளாடுகிறது”

குவாட்டர் 120-ல் இரண்டு பார் 6/8 லூப் என்றால் ஆறு குவாட்டர், சரியாக 3 விநாடி. மென்பொருளுக்கு லூப் என்றால் 4, 8, 16 குவாட்டர் இருக்கும் என்ற பழக்கம். எட்டு என்று ஊகித்தால் டெம்போ 160 என்று காட்டும், 120 ப்ராஜெக்டில் லூப் 4 விநாடிக்கு நீளும். இதுதான் மேலே சொன்ன 1.33.

நான்கு என்று ஊகித்தால் 80 என்று காட்டும். இது இன்னும் வம்பு. ஏனென்றால் துடிப்பின் வேகமும் 80தான். கண்டுபிடித்துவிட்டது என்று நாமும் நம்பிவிடுவோம். ஆனால் அந்த 80-ஐ மென்பொருள் குவாட்டராக எடுத்து லூப்பை 2 விநாடிக்குச் சுருக்கும்.

கிளிப்பின் அமைப்பில் லூப்பின் நீளம் ஆறு குவாட்டர் என்று கையால் திருத்துங்கள், அல்லது மூல டெம்போவை 120 என்று எழுதுங்கள். நீளத்தை ஸ்டாப்வாட்ச் மாதிரி விநாடியில் காட்டும் அளவுகோல் பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் அதைத் திருப்பிப் பாருங்கள். குவாட்டர் எண்ணிக்கையை விநாடியால் வகுத்து 60-ஆல் பெருக்கினால் உண்மையான டெம்போ. கோப்பின் பெயரில் எழுதியிருக்கும் பிபிஎம்மை நம்ப வேண்டாம்; அதை எழுதியவர் குவாட்டரில் எண்ணினாரா துடிப்பில் எண்ணினாரா என்பது பெயரில் இருக்காது.

“டிலே, ஆர்ப்பெஜியேட்டர், எல்எஃப்ஓ எதுவும் தாளத்தில் நிற்கவில்லை”

டிலே (எதிரொலி), ஆர்ப்பெஜியேட்டர் (ஸ்வரங்களை ஒவ்வொன்றாக வாசிப்பது), எல்எஃப்ஓ (ஒலியை மெல்ல அலையாட்டுவது) போன்ற கூடுதல் கருவிகளே ப்ளகின். ப்ளகினுக்கு அதை ஓட்டும் ஹோஸ்ட் மென்பொருள், பாட்டில் இப்போது எந்த இடம் என்பதைக் குவாட்டர் கணக்கில்தான் சொல்கிறது. விஎஸ்டி3 என்ற ப்ளகின் வடிவத்தில் டைம் சிக்னேச்சரும் கூடவே போகும், ஆனால் அதைப் பயன்படுத்துவதும் விடுவதும் ப்ளகினை எழுதியவர் இஷ்டம். அதனால் ப்ளகினில் 1/4 என்று இருந்தால் அது துடிப்பு இல்லை. துடிப்புக்கு 1/4 டாட்டட். குவாட்டர் 120-ல் அது 750 மில்லிசெகண்ட், எய்த் 250, சாதாரண 1/4 என்பது 500.

4/4-ல் பழகிய கை டிலேயில் தானாக 1/8 டாட்டட் தேடும். 6/8-ல் அது 375 மில்லிசெகண்ட், அதாவது துடிப்பில் சரிபாதி. மூன்றாகப் பிரியும் துடிப்பை எதிரொலி இரண்டாகப் பிரிக்கும். தெரிந்து வைத்தால் அழகு, தெரியாமல் வந்தால் கலைந்த சத்தம்.

எல்எஃப்ஓவில் ‘1 பார்’ என்று வைத்தும் பாரோடு சேரவில்லை என்றால் அந்த ப்ளகின் பார் என்பதை நான்கு குவாட்டராகக் கணக்கிடுகிறது. 1/2 டாட்டட் என்று மாற்றினால் மூன்று குவாட்டர், 6/8-ன் முழு பார். சீக்வென்ஸர், கேட், ஆர்ப்பெஜியேட்டர் எல்லாம் பெரும்பாலும் 16 ஸ்டெப்போடு (ஸ்டெப்புக்கு ஒரு சிக்ஸ்டீன்த்) வரும். 6/8 பாருக்குப் பன்னிரண்டு சிக்ஸ்டீன்த்தான் இருப்பதால் நான்கு பாருக்கு ஒருமுறைதான் தலையும் தலையும் சேரும். ஸ்டெப் எண்ணிக்கையை 12 ஆக்குங்கள்.

“மிடி ஃபைல் திறந்தால் பார் கோடுகள் எல்லாம் இடம் மாறி நிற்கின்றன”

ஒலி சரியாக இருந்து கோடு மட்டும் தவறென்றால் பயப்பட ஒன்றுமில்லை. 1988-இல் வந்த ஸ்டாண்டர்டு மிடி ஃபைல் வடிவத்தில் டெம்போ, ஒரு குவாட்டருக்கு எத்தனை மைக்ரோசெகண்ட் என்று பதிவாகிறது. டைம் சிக்னேச்சர் தனிக் குறிப்பு. அந்தக் குறிப்பு இல்லாத ஃபைலை 4/4 என்றே எடுத்துக்கொள்வார்கள். முதல் பாரில் 6/8 நுழைத்தால் கோடுகள் ஒழுங்காகும். நுழைக்கும்போது சில மென்பொருள்கள் நோட்டுகளைப் புதிய பார் எண்ணுக்கு நகர்த்தப் பார்க்கும். நோட்டுகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்ற தேர்வை எடுங்கள்.

அதே குறிப்புக்குள் க்ளிக் எத்தனை மிடி கடிகாரத் தட்டுக்கு (கருவிகளை ஒரே வேகத்தில் ஓட்டும் சிறு துடிப்பு) ஒருமுறை என்ற எண்ணும் உண்டு. குவாட்டருக்கு 24 தட்டு, ஆகவே 6/8-ல் துடிப்புக்கு 36 என்று இருக்க வேண்டும். அதை 24 என்றே எழுதி ஏற்றுமதி செய்யும் மென்பொருள்களும் இருக்கின்றன. வேறொருவர் அனுப்பிய ஃபைலில் க்ளிக் மட்டும் 3/4 மாதிரி அடித்தால் இந்த எண்ணைச் சந்தேகப்படுங்கள். உங்கள் பக்கத்தில் மெட்ரோனோமை மறுபடி அமைத்தால் போதும்.

“வெளியே இணைத்த ட்ரம் மெஷின் இரண்டாவது பாரிலேயே விலகுகிறது”

மிடி கடிகாரம் டைம் சிக்னேச்சரைச் சுமப்பதில்லை. தட்டுகளை மட்டும் அனுப்பும்: 6/8 பாருக்கு 72, 4/4 பாருக்கு 96. மெஷின் 16 ஸ்டெப்பில் இருந்தால் 96 தட்டு முடியும் வரை தன் பாரை முடிக்காது. வேகம் சரி, தொடக்கம் மட்டும் தவறு என்பதே இதன் அடையாளம். மெஷினில் கடைசி ஸ்டெப்பை 12 ஆக்குங்கள். முடியாத பழைய மெஷினாக இருந்தால் 6/8-ன் நான்கு பாரும் அதன் மூன்று பாரும் ஒரே நீளம் என்பதை வைத்து, மூன்று பேட்டர்னைச் சங்கிலியாக எழுதி ஒப்பேற்றலாம்.

“4/4-லிருந்து 6/8-க்கு மாறும் இடத்தில் பாட்டு திடீரென்று மந்தமாகிறது”

டெம்போ 120 அப்படியே இருந்தால் மாறாமல் இருப்பது எய்த் நோட்; துடிப்பு 120-லிருந்து 80-க்கு இறங்கும். சில பாட்டுக்கு அதுதான் வேண்டும். துடிப்பு மாறாமல் உள்ளே மட்டும் இரண்டு மூன்றாக வேண்டுமென்றால், 6/8 தொடங்கும் பாரின் முதல் கோட்டில் டெம்போவை 180 ஆக்குங்கள். திரும்பி வரும் இடத்தில் 120. இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே சாய்கோடு இல்லாமல் செங்குத்தாகத் தாவ வேண்டும். சாய்ந்திருந்தால் முந்தைய பார் மெல்ல மெல்ல வேகமெடுக்கும். டெம்போவோடு இணைந்த டிலே ஏதாவது இருந்தால் தாவும் நொடியில் அதன் எதிரொலி சுருதி பிசகிக் கூவும். மாறுவதற்குச் சற்று முன் அதன் ஃபீட்பேக்கை (எதிரொலி திரும்பத் திரும்ப வரும் அளவை) இறக்கி வையுங்கள், அல்லது அந்த டிலேயை மில்லிசெகண்டில் நிலையாக வையுங்கள்.

“ஸ்கோரைத் திறந்தால் எல்லா நோட்டுக்கு மேலும் 3 என்று இருக்கிறது”

அந்த 3 ட்ரிப்லெட்டின் அடையாளம். பாட்டு 4/4-ல் 100 பிபிஎம், முழுக்க ட்ரிப்லெட். கேட்பதற்கு 12/8-க்கும் இதற்கும் எந்த வித்தியாசமும் இல்லை. வாசிக்க வருகிறவருக்குத்தான் தலைவலி. பாட்டில் இடையிடையே நேரான எய்த் நிறைய வந்தால் 4/4-லேயே விடுங்கள். முழுக்க மூன்றாக ஓடினால் 12/8-க்கு மாற்றிவிடுவது நல்லது.

முதலில் ப்ராஜெக்டை வேறு பெயரில் சேமியுங்கள். ஆடியோ கிளிப்புகள் டெம்போவைப் பின்பற்றாதபடி நேரத்தோடு பூட்டுங்கள். இந்தப் படியைத் தவிர்த்தால் பின்னால் வருவது எதுவும் உதவாது. டெம்போவை 150 ஆக்கி, டைம் சிக்னேச்சரை 12/8 ஆக்குங்கள். மிடி நோட்டுகள் எல்லாவற்றையும், ஆட்டோமேஷனையும் (ஒலி அளவு போன்றவற்றின் மாற்றப் பதிவு) சேர்த்து, பாட்டின் தொடக்கத்திலிருந்து 150 சதவீதம் நீட்டுங்கள். 320-ல் இருந்தது 480-க்கு வரும், ட்ரிப்லெட் நேர் எய்த் ஆகிவிடும். பார் முன்பும் 2.4 விநாடி, இப்போதும் 2.4 விநாடி. பிறகு ப்ளகின்களில் 1/4 என்று இருந்தவற்றை 1/4 டாட்டட் ஆக்குங்கள். கடைசியாகப் பாட்டின் கடைசி பாருக்குப் போய் மிடியும் ஆடியோவும் சேர்ந்து விழுகின்றனவா என்று கேளுங்கள். முதல் பாரில் சரியாக இருந்து கடைசியில் விலகினால் டெம்போ ட்ராக்கில் நடுவே எங்கோ பழைய கணக்கில் ஒரு புள்ளி இருக்கிறது, அதையும் 1.5-ஆல் பெருக்குங்கள்.